படத்தைப் பார்த்து ஊகிக்கிறாள், எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை: ஒலியிலிருந்து தொடங்குவது எப்படி?

கோத்தகிரிச் சாரல்:

வணக்கம். மகளுக்கு ஐந்தரை வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி (படுகர் ஊர்). பாட்டியோடு எங்கள் மொழியான படுகு பேசுவாள், எங்களோடு படுகும் தமிழும் கலந்து. ஆங்கிலம் புத்தகத்திலும் பாட்டிலும் மட்டும்தான்.

ஃபிளாஷ் கார்டு வைத்து ஆங்கிலத்தில் அறுபது வார்த்தை வரை சொல்கிறாள். அதே வார்த்தை கதைப் புத்தகத்தில் வந்தால் தடுமாறுகிறாள். ‘ஹார்ஸ்’ என்று இருப்பதை ‘ஹவுஸ்’ என்கிறாள். புது வார்த்தை வந்தால் கண் நேராகப் படத்துக்குப் போகிறது. தமிழில் அ முதல் ஃ வரை, க வரிசை முழுவதும் ராகம் போட்டு ஒப்பிக்கிறாள். ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் ‘ப… ட… இம்’ என்று நின்றுவிடுகிறாள்.

கார்டுகளை அடியோடு நிறுத்தலாமா? ஒலியிலிருந்து தொடங்குவதென்றால் எந்த எழுத்து முதலில்? தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் நடத்தலாமா? எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதிவிட்டு ‘செட்’ என்று படிக்கிற மாதிரி வார்த்தைகளை என்ன செய்வது? நாளுக்கு எவ்வளவு நேரம்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் வாசிப்பறை:

கார்டுகளை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். அவளிடம் அதைப் பெரிய செய்தியாகச் சொல்ல வேண்டாம். இப்போது அவள் செய்வது உருவத்தை அடையாளம் காண்பது மட்டும்தான். முதலில் எச், முடிவில் எஸ்-ஈ, மொத்தம் ஐந்து எழுத்து: இந்த அடையாளம் ஹார்ஸுக்கும் ஹவுஸுக்கும் பொது. இரண்டுக்கும் நடுவில் ஒரே எழுத்துதான் வேறு, அந்த எழுத்தைப் பார்க்க அவளுக்கு யாரும் காரணம் சொல்லித்தரவில்லை. கார்டின் நிறம், மூலை மடிப்பு, எந்தக் கார்டுக்குப் பின் எந்தக் கார்டு என்பதெல்லாம்கூடக் குழந்தைக்குத் துப்புகள். புத்தகத்தில் அவை இல்லாததால்தான் அங்கே திணறுகிறாள். அச்சில் ஏ, ஜி இரண்டுக்கும் இரு வடிவங்கள் உண்டு என்பது கூடுதல் குழப்பம். அறுபது வார்த்தை வரை இந்த வழி ஓடும். வார்த்தை பெருகப் பெருக உருவங்கள் ஒன்றோடொன்று மோதும்.

எழுத்தைத் தொடுவதற்கு முன் காதைச் சோதியுங்கள். எழுத்தே இல்லாமல், அரை நொடி இடைவெளி விட்டு ‘ம்… ஈ… ன்’ என்று சொல்லுங்கள். ‘மீன்’ என்று அவள் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்து ‘ப்… ஆ… ல்’, ‘க்… அ… ல்’. பத்துக்கு எட்டு சரியாக வந்தால் எழுத்துக்குப் போகலாம். வராவிட்டால் இரண்டு வாரம் இதையே தினமும் ஐந்து நிமிடம், நடக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்யுங்கள். இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளில் தொடங்கும் வார்த்தைகள் எளிது: ம், ன், ஸ், ல், ர், ஃப். ப், ட், க் மூன்றையும் இழுக்க முடியாது, வெடித்து நின்றுவிடும். அதனால் அவற்றில் தொடங்குபவை பின்னால் வரட்டும். பிறகு தலைகீழாக: நீங்கள் ‘மீன்’ என்று சொல்ல, அவள் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் அவரைக்கொட்டையைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மூன்று கொட்டை வந்தால் காது தயார்.

‘ப… ட… இம்’ ஏன் வருகிறது தெரியுமா? மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று முன்னால் ஓர் இகரம் போட்டுச் சொல்லித்தரும் பழக்கம் நமக்கு. அந்த இகரம் எழுத்தின் ஒலி அல்ல, உச்சரிக்க வசதிக்காகச் சேர்த்தது. குழந்தைக்கு அது தெரியாது. ஆங்கிலத்தில் இதற்கு நேர் எதிரான கோளாறு: ஒலிக்குப் பின்னால் ஓர் அகரம் ஒட்டிக்கொள்ளும். ‘ப-அ, இ, ன-அ’ என்று சொன்னால் எத்தனை தடவை சேர்த்தாலும் ‘பின்’ வராது. ம் என்றால் உதட்டை மூடி முனகல், அவ்வளவே. ப் என்றால் மூடிய உதடு சட்டெனத் திறக்கும் காற்று, குரலே கிடையாது. புள்ளி வைத்த எழுத்தின் ஒலியைத் தூய்மையாகச் சொல்லப் பழகிய தமிழ்க் குழந்தைக்கு ஆங்கில ஒலிப்புமுறையில் (ஃபோனிக்ஸ்) பாதி வேலை முடிந்தது.

இனி ஆங்கில வரிசை. எழுத்தை அதன் பெயராலும், ஒலியை மெய்யெழுத்தாலும் எழுதுகிறேன். புழக்கத்தில் உள்ள பல வரிசைகளில் எஸ்ஸுக்கு அடுத்து ஏ வரும். தமிழோ படுகோ பேசும் குழந்தைக்கு நான் ஐ எழுத்தை முன்னால் வைப்பேன். அதன் குறில் ஒலி நம்முடைய ‘இ’யேதான். ஏயின் குறில் ஒலி, அதாவது ‘ஆப்பிள்’ என்பதன் முதல் ஒலி, நம் எழுத்தில் இல்லை. ‘எ’ சொல்லும் வாயை வைத்துக்கொண்டு தாடையை மட்டும் இன்னும் கீழே இறக்கினால் கிடைக்கும். ஆக முதல் ஆறு: எஸ், ஐ, டி (டென் என்பதில் வருவது), பி (பென் என்பதில் வருவது), என், எம். இவற்றை வைத்தே இன், இட், பின், டின், நிப், டிப், ஸிட், ஸிப், பிட், மிஸ்ட் எல்லாம் வாசிக்கலாம். அடுத்து ஏ, டாக் என்பதன் டி, ஜி, ஓ, சி, கே. அதற்கடுத்து ஈ, யு, ஆர், எச், பேட் என்பதன் பி, எஃப், எல். கடைசியில் ஜே, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட், க்யூ-யு. ஏயையும் ஈயையும் அடுத்தடுத்து வைக்க வேண்டாம், ‘பேட்’டும் ‘பெட்’டும் குழம்பும். கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கும் பியையும் டியையும் ஒன்று நிலைத்தபிறகே மற்றொன்று. சிறிய எழுத்துகள்தான் முதலில். பெரிய எழுத்து வாக்கியத் தொடக்கத்துக்கும் பெயருக்கும் மட்டுமே வேண்டும், காத்திருக்கலாம். எழுத்தின் பெயரையும் இப்போது கேட்காதீர்கள், ஒலியை மட்டும் கேளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று புது எழுத்து. பார்த்ததும் ஒன்றிரண்டு நொடிக்குள் ஒலி வர வேண்டும். யோசித்துச் சொன்னால் அது இன்னும் நிலைக்கவில்லை என்று பொருள், அடுத்ததைக் கொண்டுவராதீர்கள். நாளுக்கு இருபது நிமிடம் போதும், அதுவும் பத்துப் பத்தாகப் பிரித்து. முதல் இரண்டு நிமிடம் பழைய எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வேகமாக. பிறகு புது எழுத்து: நீங்கள் ஒலியைச் சொல்ல, அவள் உங்கள் வாயைப் பார்த்து, தானும் சொல்லி, ரவையில் விரலால் எழுத வேண்டும். பிறகு ஐந்தாறு வார்த்தை கூட்டி வாசிப்பது. கடைசி மூன்று நிமிடம் சொல்வதை எழுதுதல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. வாசிப்பில் ஊகித்துத் தப்பலாம், எழுதும்போது ஒவ்வொரு ஒலியையும் பிரித்தே ஆக வேண்டும்.

கூட்டும்போது ஒலிகளுக்கு நடுவே மூச்சை நிறுத்தவிடாதீர்கள். ‘ஸ்ஸ்ஸ்இஇப்’ என்று ஒரே இழுப்பில் போகட்டும். அப்படியும் முடிவில் முதல் ஒலி மறந்துபோகிறதென்றால், முதல் இரண்டை மட்டும் சேர்த்து ‘ஸி’ என்று நிலைநிறுத்தி, அதன்பின் மூன்றாவது எழுத்தைப் பக்கத்தில் நகர்த்துங்கள்.

நம் வாய்க்கே உரிய மூன்று தவறுகளை எதிர்பாருங்கள். ஒன்று, முடிவில் உகரம்: ‘கப்’ என்பது ‘கப்பு’ ஆகும். பேச்சில் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம், எழுதும்போது அது நான்காவது எழுத்தாக வந்து உட்காரும். கடைசி ‘ப்’ சொன்னதும் உதட்டை மூடியே வைத்திருக்கச் சொல்லிக் கண்ணாடியில் காட்டுங்கள். இரண்டு, கூட்டெழுத்துக்கு முன் இகரம்: ‘ஸ்டாப்’ என்பது ‘இஸ்டாப்’. எஸ்ஸைக் காகிதத்தால் மறைத்து ‘டாப்’ என்று வாசிக்கவிட்டு, பிறகு திறந்து ‘ஸ்ஸ்ஸ்’ஐ நீட்டி முன்னால் ஒட்டுங்கள். மூன்று, ‘எக்’ என்பது ‘யெக்’. எறும்பையே ‘யெறும்பு’ என்கிறோம் அல்லவா, அதே பழக்கம். வாயை முதலில் ‘எ’வுக்குத் திறந்து வைத்துவிட்டு, அதன்பின் குரல் வரட்டும்.

கற்றது மனப்பாடமா இல்லையா என்று பார்க்க, பொருளில்லாத வார்த்தை கொடுங்கள்: ‘மிப்’, ‘நிம்’, ‘டிஸ்’. இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஒலிப்புச் சோதனையில் 40 வார்த்தைகளில் 20 இப்படி இட்டுக்கட்டியவைதான். ஒருபோதும் பார்த்திராத வார்த்தையை எழுத்தைக் கொண்டு மட்டுமே சொல்ல முடியும்.

எழுத்தாணி:

ஆங்கிலத்துக்கு மேலே சொன்னது நன்று. தமிழுக்கு வழி சற்று வேறு, அதை மட்டும் சொல்கிறேன்.

ஒப்பிப்பதும் வாசிப்பதும் வேறு வேறு. க வரிசையைப் பாட்டாகச் சொல்லும் பல குழந்தைகளிடம் நடுவிலிருந்து ‘கீ’யைக் காட்டினால், மனதுக்குள் ‘க கா கி’ என்று ஓடித்தான் பிடிப்பார்கள். 247 எழுத்தையும் மனப்பாடம் செய்யவைக்கத் தேவையே இல்லை. உயிர் 12, மெய் 18, அவற்றை இணைக்கும் குறிகள் ஒரு கைப்பிடி. குறியின் வேலை புரிந்தால் 216 உயிர்மெய்யும் தானாக வரும்.

ட, ப, ம, ர, க, ல ஆறும் புள்ளியும் போதும், தொடங்கிவிடலாம். படம், மரம், கல், பல், கடல், மலர், பகல், பட்டம், கட்டம், கப்பல், பக்கம்: இத்தனை வார்த்தையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. புள்ளி என்ன செய்கிறது என்பதுதான் முதல் பாடம். கெட்டி அட்டையில் ‘பல’ என்று பெரிதாக எழுதுங்கள். ‘பல’ என்று வாசிக்கட்டும். ‘ல’வின் தலையில் ஒரு துவரம்பருப்பை வைக்கச் சொல்லுங்கள், இப்போது ‘பல்’. எடுத்தால் மறுபடி ‘பல’. பருப்பு ஏறினால் உள்ளிருக்கும் ‘அ’ போய்விடுகிறது என்று அவள் வாயாலேயே சொல்வாள். ‘கல’–‘கல்’, ‘படம’–‘படம்’ என்று பத்து அட்டை போட்டால் ‘இம்’ மறைந்துவிடும்.

அடுத்த சிக்கல் இரட்டித்த மெய். ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசிப்பார்கள். ‘பட்’ என்று ஓர் அட்டை, ‘டம்’ என்று ஓர் அட்டை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவையுங்கள். படம்–பட்டம், மடம்–மட்டம், கடம்–கட்டம் என்று இணையாகவே கொடுங்கள்.

பிறகு துணைக்கால்: கல்–கால், பல்–பால், படம்–பாடம். ஓர் எச்சரிக்கை, துணைக்காலும் ‘ர’வும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்பாள். ‘ர’வின் கால் சாய்ந்து முடியும் அச்சுள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள், கையால் எழுதும்போது அந்தச் சாய்வைத் தெளிவாகக் காட்டுங்கள். பிறகு கொக்கி: பட்டி–பாட்டி, கிளி, மீன். உகரத்தை வரிசையாகச் சொல்லித்தருவது வீண் வேலை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வகை. சு, பு, யு, வு ஒரு வகை. ணு, து, நு, லு, று, னு ஒரு வகை. வகைக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் கை தானே பிடித்துக்கொள்ளும்.

எகர, ஏகர, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஒலி பின்னால் வரும். இடமிருந்து வலம் போகும் கண்ணுக்கு இது முரண். ‘கெ’ முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் எழுதி, அது ஒரே துண்டு என்று பழக்குங்கள். ‘கொ’, ‘கோ’ இரு பக்கமும் குறி கொண்டவை என்பதால் கடைசியில். ஔகாரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்துக்கேற்ப ஒலி மாறும். பம்பரத்தில் முதல் ‘ப’வும் நடு ‘ப’வும் ஒன்றல்ல. தமிழ் மட்டும் பேசும் குழந்தை இதைக் கவனிப்பதே இல்லை, தெரிந்த வார்த்தை என்பதால் வாய் தானே திருத்திக்கொள்ளும். உங்கள் மகள் படுகு பேசுகிறவள், ‘இது எந்த ப?’ என்று கேட்கலாம். அப்போது சொல்ல வேண்டியது: வார்த்தையின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மையாக, ங் ஞ் ண் ந் ம் ன் ஆகியவற்றுக்குப் பின்னும் இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் மென்மையாக. பக்கம், பங்கு, பகல் மூன்றையும் சொல்லிப் பார்க்கட்டும்.

முதல் வார்த்தைகளைத் தேர்வு செய்யும்போது பேச்சும் எழுத்தும் விலகுபவற்றை ஒதுக்குங்கள். ‘இலை’ என்று சரியாக வாசித்துவிட்டு, அவள் சொல்வது ‘எல’ என்பதால், அது என்னவென்று தெரியாமல் விழிப்பாள். இடம்–எடம், உடம்பு–ஒடம்பு இந்த ரகம்தான்.

வீட்டில் தாத்தா காலத்துப் புத்தகம் இருந்தால் இந்த ஓராண்டு எட்ட வையுங்கள். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணா, றோ போன்ற 13 எழுத்துகள் வேறு உருவில் இருக்கும். முன்னால் தும்பிக்கை போலச் சுழித்த ‘லை’யைப் பார்த்தால், கற்ற விதியையே சந்தேகிப்பாள்.

குன்னூர்க்காரர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து வரலாம், இரு மொழியைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை. தமிழை முதலில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு ஆங்கிலத்தைத் தொடங்குங்கள் என்பேன். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஒழுங்கானது. கூட்டினால் வருவது அவளுக்குத் தெரிந்த வார்த்தை. கூட்டுதல் என்ற வித்தை அங்கே சுலபமாகக் கைவரும், வந்தபின் ஆங்கிலத்தில் எழுத்துகள் மட்டுமே புதிது.

பொறங்காடு:

அக்கா, காது விளையாட்டைப் பாட்டியிடம் விடுங்கள். ஹெத்தெக்கு (பாட்டிக்கு) எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ‘ஹ்… ஆ… லு’ என்று அவர்கள் பிரித்துச் சொன்னால் பாப்பா ‘ஹாலு’ (பால்) என்பாள். ‘ஹட்டி’, ‘ஹெத்தெ’ எல்லாம் அப்படியே. தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளுக்குத் தகராறு செய்யும் ஆங்கில எச் ஒலியும், பென்–பேட் இரண்டிலும் வரும் பிக்களின் வித்தியாசமும் படுகு பேசும் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. அதைப் பயன்படுத்தாமல் விடுவது நஷ்டம். தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றில் அதிரும், ஒன்றில் அதிராது.

சாமான் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் சார்ட் அட்டை நமத்து வளைந்துபோகும். அட்டையை லேமினேட் செய்யுங்கள், அல்லது காந்த எழுத்து வாங்கி எவர்சில்வர் தட்டிலோ பீரோ கதவிலோ ஒட்டுங்கள். எழுதிப் பழகும் தட்டில் உப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். ரவை நல்லது, வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் கொட்டிவையுங்கள்.

சளி அடிக்கடி பிடிக்கிற பிள்ளை என்றால் தொடங்கும் முன் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாள்பட்ட சளியில் நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும். காதில் விழாத ஒலியை எப்படிப் பிரிப்பாள்?

கொடை மேகம்:

எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு வேண்டுமா? மடியில் வைத்துத் தினமும் கதை வாசித்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டில் கற்பிப்பதே இந்த மாதிரிப் பயிற்சிப் பட்டறையிலிருந்து தப்பத்தானே. ‘மிப்’, ‘நிம்’ என்று பொருளில்லாததை வாசிக்கவைத்தால் வாசிப்பில் ஆசை போய்விடாதா?

குன்னூர் வாசிப்பறை:

இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எழுத்துக்கும் ஒலிக்குமான உறவைச் சில குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். யார் கண்டுபிடிப்பார், யார் மாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆனால் ஐந்தரை வயதில் அறுபது வார்த்தை தெரிந்தும் ஹார்ஸை ஹவுஸ் என்று வாசிக்கும் குழந்தை அதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது தெளிவு. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ல் தந்த அறிக்கையும், இங்கிலாந்தில் 2006ல் வந்த ரோஸ் அறிக்கையும் ஒலிப்புமுறையை வரிசைப்படி, வெளிப்படையாகக் கற்பிக்கவே சொல்கின்றன. இட்டுக்கட்டிய வார்த்தை சோதனைக்கு மட்டும், வாரம் ஒருநாள் ஐந்து. அன்றாடப் பாடமாக்கினால் நீங்கள் பயப்படுவது நடக்கும்.

மடியில் வைத்து வாசிப்பது பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு கையாலும் ஏற்கிறேன். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986ல் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் ஒன்று சுழியம் என்றால் விடையும் சுழியம். ஆங்கிலம் வீட்டில் புழங்காத குழந்தை ‘நிப்’ என்று சரியாகக் கூட்டிவிட்டு, கிள்ளுவது என்று தெரியாமல் போனால் அது பாதி வாசிப்புதான். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் பொருளோடு கொடுங்கள்: பின்னைக் கையில் வைத்து ‘பின்’, டின்னைத் தட்டி ‘டின்’. கதை வாசித்துக் காட்டுவது தினமும் தனியாக நடக்கட்டும், அந்த நேரத்தில் எழுத்தைக் கூட்டச் சொல்லி நச்சரிக்க வேண்டாம்.

எழுத்தாணி சொன்ன இரண்டு மாத இடைவெளி நல்ல யோசனை. என் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆங்கிலத்துக்கான காது, வாய்ப் பயிற்சி அந்த இரண்டு மாதமும் நிற்கக்கூடாது.

கோத்தகிரிச் சாரல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தமிழை முதலில் வைக்கிறோம். பாட்டி இன்றே தொடங்கிவிட்டார்! எஸ்-ஏ-ஐ-டி கேள்வி மட்டும் பாக்கி. இன்னொன்று, ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளை வாசிக்கச் சொல்லலாமா? மலை ரயில் என்றால் அவளுக்கு உயிர்.

குன்னூர் வாசிப்பறை:

அமெரிக்காவில் 1936ல் டோல்ச் தொகுத்த 220 வார்த்தைகள்தான் இன்றைய ‘பார்த்ததும் சொல்லும்’ கார்டுகளில் பலவற்றுக்கு மூலம். அவற்றில் இன், இட், ஆன்ட், கேன், பிக், ரன், நாட், கெட் போன்ற பல வார்த்தைகளை எழுத்துக்கூட்டியே வாசிக்கலாம். அவற்றைக் கார்டிலிருந்து எடுத்துக் கூட்டும் பட்டியலில் போடுங்கள். மிச்சம் உள்ளவையும் முழுக்க முரண்டு பிடிப்பவை அல்ல. ‘செட்’ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாயால் சொல்லி ஒலியை எண்ணட்டும்: மூன்று. மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் எஸ், கடைசியில் டி, இரண்டும் விதிப்படி. நடுக் கட்டத்துக்குள் ஏ-ஐ இரண்டும் சேர்ந்து உட்காரும். அங்கேதான் ‘எ’ என்று எதிர்பாராமல் ஒலிக்கிறது, அதை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு தாளைத் திருப்பிவைத்து நினைவிலிருந்து எழுத வேண்டும், ஒவ்வொரு எழுத்தையும் எழுதும்போது அதன் ஒலியைச் சொல்லிக்கொண்டே. ‘வாஸ்’ என்பதில் டபிள்யூ விதிப்படி, ஏயும் எஸ்ஸும் விலகல். மனப்பாடம் வார்த்தையின் அந்தத் துண்டுக்கு மட்டும்தான்.

ஆறு எழுத்து தெரிந்த நாளிலேயே இவற்றைக் கொண்டுவர வேண்டாம். இருபது எழுத்தொலி நிலைத்தபின் வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்த அறுபதில் உள்ளவற்றையும் இதே கட்டத்தில் போட்டு எழுதவையுங்கள். உருவமாகத் தெரிந்தது ஒலியோடு ஒட்டிக்கொள்ளும்.

26 எழுத்தொலிகளுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். ஆங்கிலத்தில் ஒலிகள் சுமார் 44 என்பதால் அத்தோடு முடியாது. எஸ்-எச், சி-எச், டி-எச் போன்ற இரட்டைகள் அடுத்து, பிறகு ஈ-ஈ, ஓ-ஓ, பிறகு ‘பின்’னைப் ‘பைன்’ ஆக்கும் முடிவு ஈ. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் மூன்று ஒலியைச் சேர்க்கவே முடியவில்லை என்றால், இன்னும் காத்திருக்காமல் கற்றல் குறைபாடு அறிந்த சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள்.

எழுத்தாணி:

பெயர்ப்பலகை நல்ல பாடம், தமிழ் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அரவங்காடு’ முதலில்: துணைக்காலும் ‘டு’வும் தெரிந்தால் போதும், ‘ங்’குக்குப் பின் ‘க’ மென்மையாவதையும் அங்கேயே காட்டலாம். உகர, ஊகாரம் முடிந்தபின் ‘குன்னூர்’, ஏகாரக் குறி வந்தபின் ‘கேத்தி’. ஆங்கில வரியை இப்போது தொடாதீர்கள். கேத்தியை ஆங்கிலத்தில் கே-ஈ-டி-டி-ஐ என்று எழுதியிருக்கும். இதுவரை கற்ற ஒலிகளை வைத்து அவள் அதைக் ‘கெட்டி’ என்றுதான் வாசிப்பாள், அவள் வாசித்தது சரி. தவறு என்று சொல்லிவிடாதீர்கள். ஊர்ப்பெயர்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று சொல்லிவிட்டு, தமிழ் வரியை வாசிக்கச் சொல்லுங்கள்.